வெள்ளிப் பூணிட்ட பாதரட்சை

மஞ்சுவரை மலையின் மேற்குச் சிகரங்களுக்குப் பின்னே கதிரவன் மறைந்துவிட்டான். அவன் விட்டுச் சென்ற செம்பொன் ஒளி கருங்கை ஆற்றின் நீர்ப்பரப்பில் இன்னும் தயங்கிக் கிடக்க, கீழ்த்திசையில் மூங்கிற் காடுகளுக்கு மேலே முழுமதி மெல்ல எழுந்து அந்தப் பொன்னையெல்லாம் வெள்ளியாக மாற்றத் தொடங்கியிருந்தது. நாணற் புதர்களில் நீர்க்கோழிகள் அடங்கிக்கொண்டிருந்தன. மணற்றிட்டில் அடிக்கப்பட்டிருந்த வேட்டைக் கூடாரங்களின் வாயில்களில் தீவட்டிகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டன.

இத்தனை அழகும் பரந்து கிடந்த அந்த மாலைப் பொழுதில், ஆற்றங்கரைப் பாறையொன்றின்மேல் அமர்ந்திருந்த வாலிபன் ஒருவன் மட்டும் தலை நிமிரவே இல்லை. அகன்ற மார்பும், அதில் குறுக்காக ஓடிய பழைய வாள் வடுவும் அவன் போர்க்களம் கண்டவன் என்பதைச் சொல்லின. மஞ்சுவரைக் கோமான் மானவேளின் படைத்தலைவன் தித்தன்தான் அவன். வடபுலப் போரில் பகைவரின் யானை வரிசையைக் குதிரையேறிப் பிளந்து சென்றதற்காகச் சோழப் பெருவேந்தரின் கையாலேயே பரிசில் பெற்றவன்.

அத்தகைய வீரன் ஏன் இப்படிக் குறுகி உட்கார்ந்திருக்கிறான் என்று வாசகர்கள் வியக்கக்கூடும். அவனுக்குப் பின்னால் இருந்த கூடாரத்திலிருந்து அவ்வப்போது ஒரு முனகல் எழுந்தது. அது எழுந்தபோதெல்லாம் தித்தனின் தோள்கள் சவுக்கடி பட்டவைபோல் சுருங்கின. அதன் காரணத்தை அறிய நாம் அன்று காலை நேரத்துக்குச் செல்ல வேண்டும்.

மலைக்கணவாயில் ஒரு கொல்புலி வந்து குடியேறியிருந்தது. உப்பு வணிகரின் பொதிமாடுகளும் அவற்றை ஓட்டி வந்தவர்களும் அதற்கு இரையானபின், அவ்வழியே போக்குவரத்து நின்று, மலைமேல் ஊர்களில் உப்புக்கும் தானியத்துக்கும் பஞ்சம் வந்துவிட்டது. பறை முழக்கி விரட்டியபோது புலி மலைமுகட்டைத் தாண்டி ஓடியது. பறை ஓய்ந்ததும் திரும்பி வந்தது. ஆகவே, ஓசையின்றி, எதிர்காற்றில் பதுங்கிச் சென்று, அது உறங்கும் இடத்திலேயே அதை வீழ்த்துவது என்று மானவேள் முடிவு செய்தார். அதற்குத் தித்தனையும், அவனுடன் இளமையிலிருந்தே தோளோடு தோள் நின்று போரிட்ட கொற்றனையும் தேர்ந்தார்.

கோமானின் ஒரே மகள் வரகுணை வேட்டையில் வல்லவள். அவர்கள் புறப்படுமுன் அவளே வந்து, இருவருக்கும் ஒவ்வோர் இணை பாதரட்சைகளைக் கொடுத்தாள். கடமான் தோலைப் புகையூட்டி, எண்ணெய் நீவி, வெற்றிலைபோல் துவளும்படி பதப்படுத்திச் செய்தவை அவை.

“இந்தச் சரிவில் வெறுங்காலை உடைமரத்து முள் விடாது. அதற்கு அஞ்சித் தடித்த தோலை அணிந்தாலோ, அடியில் கிடப்பது சருகா சுள்ளியா என்று கால் அறியாது. இவை முள்ளைத் தடுக்கும், சுள்ளியை மறைக்கா. கணுக்கால் வார்களை மட்டும் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள், படைத்தலைவரே. உருளும் கல்லில் கால் பிறழாமல் அவை தாங்கிக்கொள்ளும்” என்றாள்.

தித்தன் வணங்கிப் பெற்றுக்கொண்டான். ஆனால் கூடாரத்துக்குள் சென்று அவற்றை விரித்துப் பார்த்தபோது அவன் மனம் சுணங்கியது. ஓர் அணியும் இல்லை. ஆயர்கள் மாடு மேய்க்கப் போகையில் அணிவன போலிருந்தன. அவற்றின் அருகிலேயே பெருவேந்தர் பரிசாக அளித்த பாதரட்சைகள் இருந்தன. நான்கு மடிப்புத் தோலால் ஆன அடி, அதில் இரும்புக் குமிழ்கள், விளிம்பெங்கும் வெள்ளிப் பூண். வேட்டையைக் காண வரகுணை தந்தையுடன் யானைப்பாறையின் உச்சியில் நிற்கப் போகிறாள். அவ்வளவு தொலைவிலிருந்து முகம் தெரியாது; வெள்ளியின் மினுக்கு தெரியும். புலியை வீழ்த்திய கையோடு அவளையே கோமானிடம் வேண்டுவது என்று அவன் ஓராண்டாக நெஞ்சில் வளர்த்த ஆசை ஒன்று இருந்ததே, அந்த ஆசைதான் அன்று அவன் கைகளை வெள்ளிப் பூணை நோக்கி நீட்ட வைத்தது.

கொற்றன் பார்த்தான். அவை குதிரையேறுவதற்குச் செய்தவை, காட்டுக்கு ஆகா என்று தணிந்த குரலில் சொல்லியும் பார்த்தான். தித்தன் சிரித்து, நண்பனின் அச்சத்தைக் கேலி செய்தான். தலைவனிடம் ஒன்றை இருமுறை சொல்லும் வழக்கம் கொற்றனுக்கு இல்லை.

கணவாயின் சரிவில் தேக்கிலைச் சருகுகள் கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தன. கடமான் தோலை அணிந்த கொற்றன் ஒவ்வோரடியையும் விளிம்பால் தொட்டு, தடவி, பிறகே பாரத்தை இறக்கி, நிழல் நகர்வதுபோல் முன்னே சென்றான். பின்னே வந்த தித்தனின் கால்களுக்கோ கண் இல்லை. சுள்ளி முறிந்த பிறகுதான் அங்கே சுள்ளி இருந்தது தெரிந்தது. கொற்றன் திரும்பிப் பார்த்தான். மீண்டும் நடந்தான். முடிவில், ஒரு பாறைக்குடைவின் நிழலில், தின்று மிச்சமான எருமையின் அருகே, புலி முன்கால்களில் முகம் வைத்து உறங்குவது தெரிந்தது. குறி பார்ப்பதற்காகத் தித்தன் ஒரு சாய்ந்த பாறைமேல் ஏறினான். இரும்புக் குமிழ் பாறையில் வழுக்கியது. மலையிடுக்கு முழுவதும் எதிரொலிக்கும்படி ‘கிறீச்’ என்றொரு ஒலி எழுந்தது. கணுக்காலைத் தாங்க வாரில்லாத பாதரட்சைக்குள் கால் மடங்க, அவன் விழுந்தான். வேல் கைநழுவி உருண்டது.

கண்விழித்த புலி பாய்ந்தது தித்தனை நோக்கி. இடையிலே வந்து விழுந்தவன் கொற்றன். புலியின் அறை அவன் வலத்தோளைப் பிளந்தது. தரையில் கிடந்தபடியே தோளிலிருந்த வில்லை எடுத்துத் தித்தன் எய்த அம்பு புலியின் பின்தொடையில் தைக்க, அது உறுமிக்கொண்டே நாணற்காட்டில் மறைந்தது.

யானைப்பாறையிலிருந்து மானவேள் இறங்கி வந்தபோது கொற்றன் உணர்விழந்து கிடந்தான். புலி எப்படி விழித்தது என்று கோமான் கேட்டார். உடன் வந்த அமைச்சர், முன்னே சென்றவன் கொற்றன்தானே, அவன் காலே தவறியிருக்கும் என்றார்.

“அப்படித்தானா, தித்தா?” என்று மானவேள் வினவினார்.

தந்தையின் பின்னால் வரகுணை நின்றிருந்தாள். தித்தன் அவளை ஒருமுறை பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் தலைகுனிவைக் கோமான் ஆமோதிப்பாகக் கொண்டார். பறை வேண்டாம், ஓசை வேண்டாம் என்று ஆணையிட்டும் கவனம் தவறியவன் மெய்க்காவற் படையில் இருக்கத் தகாதவன் என்று தீர்ப்பளித்தார். நினைவற்றுக் கிடந்த கொற்றனின் காலிலிருந்து ஒரு வீரன் வீரக்கழலை அவிழ்த்தெடுத்தான். தித்தன் அதையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாசகர்களே, அவன் ஏன் அந்தப் பாறைமேல் தலை நிமிராமல் இருந்தான் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

மணலில் மெல்லிய காலடி கேட்டது. வரகுணை வந்து நின்றாள். அம்பு தைத்த புலி முன்னிலும் கொடியதாகியிருக்கும், ஆதலால் விடியலில் தானே செல்லப் போவதாகச் சொன்னாள். தித்தன் பதறி எழுந்து, தன்னையும் அழைத்துச் செல்லுமாறு வேண்டினான். அவள் ஆற்றைப் பார்த்தபடி நின்றாள்.

“பதுங்கிச் செல்லும்போது பின்னால் வருபவரைத் திரும்பிப் பார்க்க முடியாது, படைத்தலைவரே. அவருடைய காலடியை நான் நம்ப வேண்டும்.”

அவ்வளவு சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். தித்தன் கொற்றனின் கூடாரத்துக்குள் நுழைந்தான். பச்சிலைக் கட்டுகளுக்கிடையே கொற்றன் கண்விழித்திருந்தான்.

“வைத்தியர் நடந்ததையெல்லாம் சொன்னார். கால் தவறியவன் நான்தான் என்று அவரிடம் நானும் சொல்லிவிட்டேன். தாங்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு வீரன் போனால் இன்னொருவன் வருவான். படைத்தலைவரின் பெயர் கெட்டால் படையே கெடும்” என்றான் அவன்.

அந்தச் சொற்களில் குத்தல் இருந்திருந்தால் தித்தன் தாங்கியிருப்பான். அன்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. நண்பனின் முகத்தைப் பார்க்கக் கூசி வெளியே வந்தவன், நேரே கோமானின் கூடாரத்துக்கு நடந்தான். அங்கே அமைச்சரும் தளபதிகளும் சூழ்ந்திருந்தனர். அத்தனை பேர் முன்னிலையிலும் அவன் நடந்ததைச் சொன்னான். எதை அணிந்து சென்றான், யார் பார்க்க வேண்டும் என்பதற்காக அணிந்தான் என்பதையும் விடவில்லை. கூடாரத்தின் ஓரத்தில் இருந்த வரகுணை கண்களைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அப்படியானால் என்னிடம் பொய்யுரைத்தாய்” என்றார் மானவேள்.

“பொய்கூட உரைக்கவில்லை, கோமானே. பேசாமல் இருந்தேன். பொய் சொல்வதற்காவது சிறிது துணிவு வேண்டும்.”

மானவேள் கையை நீட்டினார். தித்தன் படைத்தலைமைக்குரிய வாளை இடையிலிருந்து அவிழ்த்து அவர் கையில் வைத்தான். கொற்றனின் கழலை உடனே திருப்பிக் கொடுக்க ஆணை பிறந்தது. விடியலில் இளவரசியின் பின்னே வேலேந்திச் செல்ல மட்டும் அனுமதிக்க வேண்டும் என்று தித்தன் மன்றாடினான். அமைச்சர் கூடாது என்றார். வரகுணைதான், வரட்டும் என்று ஒரே சொல்லில் அதை முடித்து வைத்தாள்.

கிழக்கு வெளுக்கும்போது இருவரும் நாணற்காட்டின் விளிம்பை அடைந்தனர். தித்தன் கடமான் தோல் அணிந்திருந்தான். எவ்வளவு எளிதாக இருந்தது! சுள்ளியின் முனை தோலின் வழியே உள்ளங்காலைத் தொட்டு எச்சரித்தது. கால் தானே விலகி வேறிடம் தேடியது. கல் உருண்டபோது வார் கணுக்காலைப் பற்றிக்கொண்டது. இவ்வளவு எளியதொன்றை மறுத்தல்லவா நண்பனைப் பலிகொடுத்தோம் என்று ஒவ்வோரடியும் அவனைச் சுட்டது. முன்னே சென்ற வரகுணை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாணல் அசைந்தது. அவளுடைய முதல் அம்பு புலியின் மார்பில் பாய்ந்தது. அது சாகாமல் அவள்மேல் எழும்பவே, தித்தன் ஒரு தாவலில் அவளுக்கு முன்னே சென்று, வேலின் அடியை மண்ணில் ஊன்றி, காலை அழுத்தி நின்றான். புலியின் பாரம் முழுவதும் வேலின்மீது வந்து இறங்கியது. அவன் கால் இம்மியும் நகரவில்லை.

கணவாய் திறந்தது. திரும்பும் வழியில் வரகுணை பேசினாள்.

“தாங்கள் பாறையில் வழுக்கிய ஒலி யானைப்பாறையில் நின்ற எனக்கும் கேட்டது. தோல் அடியிலிருந்து அந்த ஒலி எழாது என்று எனக்குத் தெரியும். தாங்களே சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்.”

தித்தன் நின்றுவிட்டான். தந்தை வினவியபோது அவன் யாருடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தானோ, அவள் அப்போதே எல்லாம் அறிந்திருந்தாள். அவன் உடலெல்லாம் கூசியது. அவள் முன்னே நடந்தாள்.

கூடாரத்தில் கொற்றனின் அருகே மானவேள் அமர்ந்திருந்தார். வலக்கை இனி வில்லேந்தாது என்று வைத்தியர் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். படைக்கு அறிவுள்ள தலைவன் வேண்டும், ஆணையிட வலக்கை தேவையில்லை என்று கூறி, கோமான் தித்தனிடமிருந்து பெற்ற வாளைக் கொற்றனின் படுக்கைமேல் வைத்தார். தித்தன் அந்தப் படுக்கையின் முன் மண்டியிட்டான்.

“கொற்றவை அறிய ஆணையிடுகிறேன். கொற்றனின் வலக்கை மீண்டும் வில் வளைக்கும் நாள்வரை நானே அவனுக்கு வலக்கையாக இருப்பேன். அதுவரை எந்தத் தலைமையும் ஏற்கமாட்டேன். எந்த மங்கையின் கரத்தையும் வேண்டமாட்டேன்.”

வாயிலில் நின்ற வரகுணையின் கைவளைகள் ஒலித்து அடங்கின. கொற்றன் வருந்தி முகத்தைத் திருப்பினான்.

“வைத்தியர் சொன்னது தங்கள் காதில் விழவில்லையா? இந்தக் கை இனி எழவே எழாது.”

“விழுந்தது” என்றான் தித்தன். “கேட்ட பிறகுதான் சொல்கிறேன், தலைவரே.”