ரூபினி கேட்ட பத்து முட்டை ரொட்டி

கிட்ட வாங்க செல்லங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட. அந்தப் போனைக் கவிழ்த்து வையுங்க. போனுக்குள் இருந்த ஒரு ரகசியம் ரொட்டிக் கல் வரைக்கும் வந்த கதையைச் சொல்கிறேன்.

மலேசியாவில், குளுவாங் ஊர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஹாரூன் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மாடியில் வீடு. அவர் மகள் ஷப்னம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், தோழி ரூபினி அவளுக்குப் போனில் எழுதினாள்: "பசிக்குது! பத்து முட்டை ரொட்டி வேணும். சீனி தூவி. குழம்பு வேணாம்."

ஷப்னம் சிரித்துக்கொண்டே கீழே இறங்கினாள். அங்கே கடையில் ரொட்டி போடும் கிபாயத்துல்லா மாமா வியர்க்க வியர்க்க ரொட்டி மாவை வீசிக்கொண்டிருந்தார்.

"யாரோ ரூபினியாம். பத்து முட்டை ரொட்டி, சீனி தூவி! குழம்பு வேணாமாம். அலமாக், இது என்ன ருசியோ!" என்றார் மாமா, ஏதோ ஆர்டர் என்று நினைத்து.

ஷப்னத்தின் சிரிப்பு நின்றுபோனது. கடையில் ஆர்டர் பார்க்கும் டேப்பின் திரையை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வந்த செய்திகள் எல்லாம் அதில் இருந்தன! முந்தின நாள் ரூபினி எழுதியதும் இருந்தது.

"லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போறேன். வெளிச்சம் இல்லாம எனக்குத் தூக்கம் வராது. தெரிஞ்சா அங்க எல்லாரும் சிரிப்பாங்க. யார்கிட்டயும் சொல்லாத."

சொல்லமாட்டேன் என்று ஷப்னம் வாக்குக் கொடுத்திருந்தாள். இப்போது அது குழம்பு வாளிக்குப் பக்கத்தில் பளிச்சென்று தெரிந்தது.

"அத்தா! இது எப்படி இங்க வந்துச்சு?"

ஹாரூன் தலையைச் சொறிந்தார். "ஒரு போனை இன்னொண்ணுல இணைக்கிற வசதி இருக்குல்ல... நீ தூங்கினப்போ இணைச்சேன். பிள்ளைங்ககிட்ட யார் யாரோ பேசுறாங்களாம். எனக்குப் பயமா இருக்காதா?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமே, அத்தா. இது ரூபினி எனக்கு மட்டும் சொன்னது." ஷப்னம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, உங்க போனையும் இதுல இணைக்கலாமா? உங்களை நினைச்சு எங்களுக்கும் பயம் இருக்கும்ல?"

"இணைங்க முதலாளி! பொழுது போகும் லா!" என்றார் கிபாயத்துல்லா மாமா.

ஹாரூன் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "வேணாம் லா! செண்டோல் இனிப்புக் கடைக்காரன்கிட்ட பேசினதெல்லாம் இருக்கு. எனக்கு இனிப்பே ஆகாதுன்னு டாக்டர் சொன்னதுக்கு அப்புறம் பேசினது. உங்கம்மா பார்த்தா அவ்வளவுதான்!"

சொல்லி முடித்ததும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. டேப்பை எடுத்து, இணைப்பைத் தானே துண்டித்தார்.

"தெரியாதவங்க யாராவது எழுதினா நானே காட்டுறேன். வெளியே போனா இருக்கிற இடத்தை அனுப்புறேன். போதுமா அத்தா?"

"போதும்மா. இனிமே கேட்காம பார்க்கமாட்டேன்."

ஆனால் ரூபினிக்கு இன்னும் எதுவும் தெரியாதே? சொல்லாமலே விட்டுவிடலாம். ஷப்னத்துக்கு மனசு கேட்கவில்லை. சுடச்சுட ரொட்டியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, பின்தெருவில் இருந்த ரூபினி வீட்டுக்கு ஓடினாள். நடந்ததை எல்லாம் ஒப்பித்தாள்.

ரூபினியின் முகம் சுருங்கியது. "கடையில எல்லாரும் படிச்சிட்டாங்களா?"

"அத்தா படிச்சிருக்காரு. மாமா நீ ரொட்டி கேட்டதை மட்டும்தான் படிச்சாராம். மன்னிச்சுக்கோ ரூபினி."

ரூபினி பொட்டலத்தை வாங்கிக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். ஷப்னம் மெல்ல, "உன் போனைத் தரியா?" என்றாள். ரூபினி தயங்கித் தயங்கி நீட்டினாள்.

"இங்க பாரு, இந்த டார்ச் படத்தை அழுத்திப் பிடிக்கணும். அப்புறம் கீழே இழுக்கணும்."

கண்ணைக் கூசவைத்த வெளிச்சம் மின்மினி அளவுக்குச் சுருங்கியது. இருவரும் கட்டிலில் ஏறிப் போர்வைக்குள் புகுந்தார்கள். வெளியே துளி வெளிச்சம் தெரியவில்லை.

"இப்படி வச்சுக்கிட்டா அத்தை வீட்டுல யாருக்கும் தெரியாதுல்ல?" என்றாள் ரூபினி.

"இந்த வித்தை எனக்கு மட்டும்தான் தெரியும்."

"உனக்குத் தெரியலாம்." ரூபினி பொட்டலத்தைப் பிரித்தாள். "ஆனா சீனியைக் கொட்டாம சாப்பிடு. எறும்பு வந்தா நீதான் பொறுப்பு!"

செல்லங்களா, உங்கள் வீட்டு அடுப்பு என்றும் சூடாக இருக்கட்டும். போர்வைக்குள்ளிருந்து வரும் சிரிப்புச் சத்தம் உங்கள் வீட்டில் ஒருநாளும் ஓயாதிருக்கட்டும்.