வீரையன் வளர்த்த பூனை

அன்று நண்பகலில் அங்கே இருந்தவர்கள்: பண்ணைக் காரியக்காரர் துரைராசு, அவர் ஆளனுப்பி வரவழைத்த அம்சம், நெல் வாங்கப் போன நான், பத்தாயத்துக்குள் ஒளிந்திருந்த பூனை. அம்சத்தின் புருஷன் வீரையனையும் சேர்த்துச் சொல்வதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு பண்ணை வீடு. அங்கே பத்தாயம் என்பது நெல் கொட்டி வைக்கத் தேக்குப் பலகையால் அடைத்த ஓர் அறை. ஜன்னல் கிடையாது. ஒரே கதவு, வெளிப்பக்கம் பூட்டு.

அந்த அறுவடையில் கூலி உயர்வு கேட்டு ஆட்கள் வேலைக்குப் போகவில்லை. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. அவர்களை மறித்து வரப்பில் நின்ற வீரையனை அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை. எவளோடோ ஓடிப்போய்விட்டான் என்றார் துரைராசு. போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது. கோட்டையில் கட்சி மாறியிருந்தது. பத்தாயச் சாவி கை மாறவில்லை.

எனக்கு நெல்லைக் காட்டத் துரைராசு கதவைத் திறந்ததும் மூத்திர நெடி அடித்தது. நெல் குவியலுக்குப் பின்னால், சாக்கு அடுக்கிலிருந்து ஏதோ சீறியது.

"வீரையன் வளத்த சனியன், ராவுத்தரே. சீக்கு வந்து பலகை இடுக்குல பூந்துக்கிச்சு. செத்துத் தொலைஞ்சா நெல்லெல்லாம் நாறும்."

கம்பால் குத்திப் பார்த்தார். கையில் பிறாண்டல் வாங்கிய பிறகுதான் அம்சத்தைக் கூப்பிட அனுப்பினார். அந்த வீட்டுக் கொல்லையைத் தாண்டி அவள் உள்ளே வந்தது அன்றுதான் முதல் தடவை.

"கம்பக் கீழ போடுங்கய்யா. மெரட்டுனா இன்னும் உள்ளதான் போவும்."

கருவாட்டைக் கதவருகில் வைத்தாள். தோளில் கிடந்த வீரையனின் துண்டை, துவைக்காமல் வைத்திருந்ததை, சாக்குகள் பக்கம் விரித்தாள். பிறகு வெளியே வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பயந்த பூனையை உற்றுப் பார்க்கக் கூடாதாம்.

காத்திருந்தோம்.

இருட்டுக்குள் கர்கர் என்று ஒரு சத்தம் எழுந்தது. பூனை சுகத்தில் விடும் சத்தம்.

அம்சம் திரும்பினாள்.

"எங்கூட்டாளு மடியில படுத்தாத்தான் அது இப்புடி இழுக்கும்."

"அப்ப உம்புருஷன் பத்தாயத்துலதான் குடித்தனம் பண்றானா?" துரைராசு சிரித்தார். நானும் சிரிக்கவேண்டும் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

பூனை வெளிப்பட்டது. எலும்பும் தோலுமாக இருந்தது. கருவாட்டை விட்டுவிட்டுத் துண்டின் மேல் போய் நின்றது.

அதன் முதுகு ரோமம் அமுங்கியது.

கழுத்திலிருந்து வால்வரை, மெதுவாக. மறுபடி கழுத்திலிருந்து.

பீடி வாசனை வந்தது. துரைராசு வெற்றிலை போடுகிறவர். எனக்கு எந்தப் பழக்கமும் இல்லை.

அம்சம் உள்ளே போய்ப் பூனையை வாரி எடுத்துக்கொண்டு வந்தாள். அழவில்லை.

"எங்கூட்டாள எங்கய்யா வச்சிருக்கீங்க?"

"உள்ள நெல்லுதான்டி இருக்கு. ராவுத்தரு முன்னாடியே காட்டறேன், பாரு."

நெல் வாங்க வந்தவன் எதிரில் பயந்தவராகத் தெரிய அவருக்கு மனமில்லை. சாவிக்கொத்தைப் பூட்டிலேயே தொங்கவிட்டு, டார்ச்சை அடித்தபடி நுழைந்தார்.

வெளிச்சம் தரையைத் துழாவியது. துண்டு தரையில் இல்லை.

ஆள் உயரத்தில் இருந்தது. முண்டாசாகச் சுற்றி.

டார்ச் விழுந்து அணைந்தது.

"வீரையா... ஒன்ன அன்னைக்கே பொணமா இங்கேருந்து வெளிய எடுத்துட்டமேடா!"

அம்சம் கண்ணை மூடிக்கொண்டாள். ஊர் ஊராக அவள் கேட்டு அலைந்த பதில் அதுதான்.

துரைராசு கதவை நோக்கி ஓடிவருவது கேட்டது. காலடியில் நெல் சரிந்தது.

நான் கதவைத் தொடவில்லை. அம்சத்தின் இரண்டு கைகளிலும் பூனை இருந்தது.

கதவு நிதானமாகச் சாத்திக்கொண்டது. சாவிக்கொத்து ஒருமுறை குலுங்கித் திரும்பியது.