உப்பு கரையாத குழி

குழாயைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது என்று அங்கம்மா மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வயர்மேன் வீட்டிலேயே கரண்ட் அடிக்கிறது என்றால் தேயிலைத் தோட்டமே சிரிக்காதா? நல்லையா வெளியே மூச்சு விடவில்லை. "ஈரக் கையோட தொடாத" என்று சொல்லிவிட்டு ஃபேக்டரிக்குப் போய்விடுவான். நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துக்குக் கரண்ட் தரும் டர்பைனை நிறுத்தியாகிவிட்டது, தோட்டத்தில் எந்தக் கம்பியிலும் பொட்டுக் கரண்ட் இல்லை. அந்த மத்தியானத்தில்தான், அரிசி களையக் குழாயைத் திருகிய அங்கம்மா கையை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

"டர்பைன் ஓடலையே" என்றான் நல்லையா.

"அது எனக்குத் தெரியாதுங்க. அடிச்சிச்சு." அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள்ள புள்ள துள்ளி விழுது. சரி பண்ணிக் குடுங்க."

ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு வேண்டுதலே கிடையாது. அவன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

பியூஸைப் பிடுங்கினான். பல்புகளைக் கழற்றினான். தகரக் கூரைக்கடியில் புகுந்து, பனி ஊறிய வயர்களை முழம் முழமாகத் தடவிப் பார்த்தான். எங்கேயும் குறை இல்லை. பிறகு டெஸ்ட் பல்பை எடுத்தான். இரண்டு வயர் நீட்டிய ஒற்றை பல்பு அது. ஒரு வயரை முற்றத்திலிருந்து அடுப்படிக்குப் போகும் குழாயில் சுற்றி, மற்றதை அதனடி ஈரமண்ணில் செருகினான்.

பல்பு மங்கலாகச் சிவந்தது. அணைந்தது. மறுபடி சிவந்தது. மலையிறங்கி வந்த பனிமூட்டம் கொய்யா மரத்தை விழுங்கி, அடுப்புப் புகையோடு கலந்து, முற்றத்தில் கனத்துப் படிந்தது. அதற்குள் அந்தச் சிவப்பு மட்டும் நிதானமாக வந்து வந்து போனது. அவன் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். ஏறக்குறைய அதே கதிதான்.

எர்த்தில்தான் ஏதோ கோளாறு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். வீட்டில் எங்கே கரண்ட் கசிந்தாலும் அதை மண்ணுக்குள் இறக்கிவிடுவதுதான் எர்த்து. இடுப்பாழக் குழியில் செப்புத் தகடு, சுற்றிலும் கரியும் உப்பும். தகட்டிலிருந்து வரும் கம்பி குழாயோடு சேரும். போன மாதம் அவனே போட்டது. எங்கே தோண்டினாலும் அலவாங்கு பாறையில் முட்டியது, கொய்யா மரத்தடி மட்டும் பொலபொலவென்று விட்டுக்கொடுத்தது. இடுப்பாழத்தில் வெள்ளை வெளேரென்று உப்பு. எந்தப் புண்ணியவானோ பாதி வேலையை முடித்து வைத்திருக்கிறான், லுணுகலை டவுனுக்குப் போய் உப்பு மூட்டை சுமக்கும் பாடு மிச்சம் என்று சிரித்துக்கொண்டே தகட்டை இறக்கி மூடியிருந்தான். இத்தனை மழைக்கும் உப்பு ஏன் கரையவில்லை என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

இப்போது அலவாங்கை ஓங்கினான்.

"அங்கன தோண்டாதீங்க தம்பி."

பக்கத்து லயத்து வரிசை வீட்டு மாடசாமி, தலையில் விறகுக்கட்டோடு வேலியோரம் நின்றிருந்தார்.

"எர்த்துக் குழிதாண்ணே. முன்னாடி இருந்த வயர்மேன் உப்பெல்லாம் போட்டு வச்சிருக்காரு."

"ஒங்களுக்கு முன்னாடி இங்க ஏது வயர்மேன்?" அவர் விறகை மெல்ல இறக்கினார். "உப்பு கொட்டுனது நாங்க. அம்பத்தேழு வெள்ளத்துல ரோடெல்லாம் சரிஞ்சு கெடந்துச்சு. டிரைவர் பொஞ்சாதி கருப்பம்மா, மாசமா இருந்தவ, இந்த வீட்டுலதான் செத்துப்போனா. தூக்கிட்டுப் போக வழியில்ல. இங்கனயே குழி வெட்டி, வெரசா மண்ணாகட்டும்னு ரெண்டு மூட்டை உப்பக் கொட்டி மூடுனோம்."

நல்லையா அலவாங்கைக் கீழே வைத்தான். "வயித்துப் புள்ள?"

"புள்ளயோட சேத்து அவளப் பொதைக்கக் கூடாதுல்ல. எடுத்து ஆத்தோரமா தனியா வச்சோம். மக்காநாளே ஆறு அதக் கொண்டுபோயிருச்சு."

அவர் விறகைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

பனி இன்னும் கீழே இறங்கியது. மண்ணிலிருந்து ஈர உப்பு வாடை எழுந்தது. கூடவே, கெட்டுப்போன பால் வாடை. அவன் குறடை எடுத்தான். குழாயோடு சேர்ந்த எர்த்துக் கம்பியை நறுக்கினான்.

பல்பு அணையவில்லை.

குழாயில் சுற்றிய வயரையும் பிடுங்கினான். இப்போது ஒரு வயர் காற்றில் தொங்கியது. மற்றது மட்டும் மண்ணில்.

சிவந்தது. அணைந்தது. சிவந்தது.

அடுப்படியில் தண்ணீர் விழும் சத்தம்.

"அங்கம்மா, கொழாயத் தொடாத!"

"இப்ப அடிக்கலங்க." அவள் குரலில் சந்தோஷம். "கைய வச்சா இதமாத்தான் இருக்கு."

அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அப்பாடா என்றிருந்தது. பல்பு கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

தண்ணீர் நின்றது.

"ஏங்க."

"என்ன?"

"புள்ள அசைய மாட்டேங்குதுங்க."

அவன் பல்பைப் பார்த்தான். சிவந்தது. அணைந்தது. அதே நிதானம்.

அதன் இடையில் இன்னொன்று. சின்னதாக. வேகமாக.

இரண்டும் சேர்ந்து துடித்தன.