ஒற்றைக் கண்ணுக்கு ஒற்றைக் குழாய்

தேயிலைச் செடிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தார் சண்முகநாதன்.

கண்டிப் பக்கத்து மலையூரான ஹுன்னஸ்கிரியவில் ஒரு தோட்டத்தை நிர்வகிக்கும் துரை. எதிர்மலையிலிருந்து வந்த ஒரே தோட்டா... முதுகில்!

துப்பாக்கி, தோட்டக் காவல்காரன் இருளப்பன் குடியிருந்த லயத்துக் காம்பராவில் அகப்பட்டது. அவனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். நாளைக் காலை கோர்ட்.

சப் இன்ஸ்பெக்டர் நடாஷாவுக்கு மட்டும் அது தொண்டைக்குள் இறங்கவில்லை. பன்றி விரட்டப் பட்டாசு கொளுத்தவே கை நடுங்குகிற ஆள் இருளப்பன்!

அவளது சந்தேகமெல்லாம் ரொனி மீது. வெள்ளைக்காரர்களை மலையேற்றிப் பறவை காட்டும் வழிகாட்டி. மான் சுட்டதற்காக அவனைப் பொலிஸில் காட்டிக்கொடுத்தவர் சண்முகநாதன்.

ஆனால் ரொனிக்கு வலக்கண் போய் ஆறு மாதம். மரக்கிளை குத்தியதாம். டாக்டர் லைட் அடித்துப் பார்த்தபோதும், "ஒரே இருட்டா இருக்கு" என்று சாதித்துவிட்டான்.

"குறி பாக்கிற கண்ணே போச்சு... நான் எப்பிடி மேடம் சுடுறது?"

நடாஷா கண்டி டவுனுக்கு ஜீப்பை எடுத்தாள்.

மத்தியானம் ரொனியின் வீட்டு வாசலில் ஜீப் நின்றது. நடாஷா மேசையில் இரண்டு பெட்டிகளை வைத்தாள்.

"ஸ்டேஷனுக்கு, தூரத்துல பாக்க ஒண்ணு வாங்கணும் ரொனி. கண்டி டவுன்ல கடை வச்சிருக்கிற அஸ்ஃபர் நானா ரெண்டையும் தந்து, புடிச்சத வச்சுக்கங்கன்னாரு. ரெட்டைக் குழாய் பைனாகுலரா, ஒத்தக் குழாய் மொனாகுலரா... உங்கள விட்டா யாருகிட்ட கேக்கிறது?"

ரொனி உருகிப் போனான்.

"ரெண்டு கண்ணும் நல்லா இருந்தா பைனாகுலர்தான் மேடம். மணிக்கணக்கா பாத்தாலும் கண்ணு வலிக்காது. மத்தது சட்டைப் பையில அடங்கும். ஒத்தக் கையில புடிக்கலாம். மலை ஏறுறவங்களுக்கு அதுதான் லேசு."

"எடுத்துப் பாத்துச் சொல்லுங்களேன்."

ரொனியின் கை பைனாகுலரை நோக்கிப் போனது...

பாதியில் நின்றது.

அடி கள்ளி! இரண்டு கண்ணாலும் பார்க்கிறேனா என்று சோதிக்கிறாயா? மனசுக்குள் சிரித்துக்கொண்டான்.

"இருக்கிறது ஒத்தக் கண்ணு மேடம். எனக்கெதுக்கு ரெண்டு குழாய்?"

மொனாகுலரை எடுத்தான். நடாஷாவின் முகம் வாடியது. அவனுக்கு ஏகக் குஷி.

"அந்தா, கீழ வளைவுல கண்டி பஸ். கண்டக்டர் வெத்தில போடுறான். அருமையான சாமான் மேடம்... இதையே வாங்குங்க."

"நல்லாத் தெரியுதா?"

"பளிச்சுன்னு தெரியுது."

"அப்பிடியே இருங்க... அசையாதீங்க."

நடாஷாவின் போன் படபடவென்று நாலு படம் எடுத்தது.

பதினைந்து வருடம் துப்பாக்கி பிடித்த பழக்கம் அவனை விடுமா? குழாய் ஒட்டியிருந்தது 'குருட்டு' வலக்கண்ணில். ஒழுங்காக இருந்த இடக்கண்ணை இறுக்க மூடியிருந்தான்!

விளங்கியதும் ரொனி அவசரமாகக் குழாயை இடக்கண்ணுக்கு மாற்றினான்.

நடாஷா அதே போனில் ஸ்டேஷனுக்குக் கோல் எடுத்தாள். "இருளப்பனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க. அழ வேணாம்னு சொல்லுங்க."

பிறகு ரொனியின் பக்கம் திரும்பினாள்.

"டாக்டரால ஆறு மாசமா முடியல. நான் ஒரு நிமிஷத்துல உங்களுக்குப் பார்வை வர வச்சிட்டேன். பீஸ் எதுவும் வேணாம்... ஜீப்புல ஏறுங்க!"