உக்காரட்டுமா?

அந்த நான்காவது காதில் எதுவும் கேட்டிருக்கக் கூடாது.

லோசலினி ஹெட்போனைக் கழற்றினாள், இடுப்பில் சுற்றியிருந்த சுலுவின் ஓரத்தால் துடைத்தாள், மறுபடி மாட்டிக்கொண்டாள். நாண்டி விமான நிலையத்தில் காலையிலிருந்தே மழை. ஹேங்கரின் தகரக் கூரையில் விழும் சத்தம் அந்த ஜன்னலில்லாத சின்ன அறைவரை வந்து, சுவருக்குள் புகுந்து, தூரத்தில் யாரோ அரிசி புடைப்பது போல ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஈரக் கம்பள நாற்றம், எண்ணெய் நாற்றம், ஆறிப்போன டீயின் நாற்றம். இவையெல்லாம் அவளுக்குப் பழகியவை. பழகாதது ஹெட்போனுக்குள் இருந்தது.

விமானி அறைப் பேச்சைப் பதியும் ஒலிப்பெட்டிக்கு நான்கு காதுகள். கேப்டனுக்கு ஒன்று, துணை விமானிக்கு ஒன்று, கூரையில் ஒன்று. நான்காவது, அவர்கள் முதுகுக்குப் பின்னால் சுவரோடு மடித்து வைத்திருக்கும் இருக்கைக்கு. பரிசோதகர் யாராவது கூட வந்தால்தான் அந்த இருக்கையை இழுத்து விரிப்பார்கள். மற்ற நாளெல்லாம் அந்தக் காது செவிடு. வருடத்துக்கு ஒரு தடவை பெட்டியைக் கழற்றி, எல்லாம் ஒழுங்காகப் பதிகிறதா என்று கேட்டுப் பார்ப்பது அவள் வேலை. காலையில் கழற்றி, மாற்றுப் பெட்டி ஒன்றைப் பொருத்தி அனுப்பிவிட்டாள். விமானம் இப்போது ரொட்டுமா தீவுக்குப் போய்க்கொண்டிருந்தது, வடக்கே, கரையே தெரியாத கடலுக்கு மேலே.

பெட்டியில் நேற்றைய மூன்று பயணங்கள் இருந்தன. மூன்றிலும் கேப்டன் தோமாசி, துணைக்கு எபேலி. எபேலி அவள் தம்பி. இன்றைக்கும் அதே இருவர்தான்.

முதல் பயணத்தில், நான்காவது காதில், துணி உரசும் ஓசை. ஒயர் எங்காவது தளர்ந்திருக்கும் என்று நினைத்தாள்.

இரண்டாவதில் மூச்சு. குனிந்து நிற்கிறவர்கள் விடுவது போன்ற, நெஞ்சு மடங்கிய, அடக்கமான மூச்சு. அடுத்தவர் வீட்டுக்குள் வந்தால் 'உட்காருங்கள்' என்று சொல்லும்வரை அவர்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் நிற்பார்கள்.

மூன்றாவதில் அது பேசியது.

"எபேலி. நான் உக்காரட்டுமா?"

அவள் கை தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. பின்னால் ஓட்டினாள். மறுபடி கேட்டாள். பெண் குரல். கொஞ்சம் கரகரப்பு, பெயரின் கடைசி எழுத்தை இழுக்கும் பழக்கம். தன் குரலை ஒலிநாடாவில் கேட்டால் யாருக்கும் முதலில் பிடிபடாது. மூன்றாம் தடவைதான் அவளுக்குப் பிடிபட்டது.

அவள் குரல்.

அந்த விமானி அறைக்குள் அவள் பறந்ததே இல்லை. அதைவிட, எபேலி என்று அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர்கள் ஊர் வழக்கத்தில் ஒரு வயிற்றில் பிறந்த ஆணும் பெண்ணும் வளர்ந்துவிட்டால் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. பகை ஒன்றுமில்லை, மரியாதை. பல வீடுகளில் இன்று அது தளர்ந்துவிட்டது, அவர்கள் வீட்டில் தளரவில்லை. இடுப்பில் தூக்கிச் சுமந்த பிள்ளை. அவனுக்குக் குரல் உடைந்த நாளிலிருந்து, சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மாவிடம் சொல்லி, அம்மா போனபின் பிறரிடம் சொல்லித்தான் அனுப்பினாள். சொல்லாமல் விட்டது நிறைய.

பதிவு ஓடியது. எபேலியின் காதில், அவன் மூச்சு நின்றுபோன சத்தம். ஆமாம், அதற்கும் ஒரு சத்தம் உண்டு.

"என்னடா, பேய் அறைஞ்ச மாதிரி இருக்க?" என்றார் தோமாசி. "மாமியார் ஞாபகம் வந்துடுச்சா?"

"ஒண்ணுமில்ல கேப்டன்."

அவருக்கு அந்தக் குரல் கேட்கவில்லை.

"எபேலி. கால் வலிக்குது. உக்காரட்டுமா?"

எபேலி பதில் சொல்லவில்லை. தரை தொடும்வரை அது கேட்டுக்கொண்டே இருந்தது. கோபமில்லாமல். பொறுமையாக. லோசலினி அதே பயணத்தின் தரவுகளைத் திரையில் விரித்தாள். குரல் கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் விமானத்தின் திசை மயிரிழையளவு வடக்கே திரும்பி, திரும்பத் தன் வழிக்கு வந்திருந்தது. ஓட்டும் கைப்பிடியை யாரும் தொடவில்லை.

வடக்கே. இன்றைக்கு அவன் வடக்கேதான் போயிருக்கிறான்.

மழையில் ஓடினாள்.

ரேடியோ அறையில் சலேந்திரா ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தான். நனைந்து வந்தவளைப் பார்த்துச் சிரித்தான். "என்ன லோசா, நீந்தியா வந்த?"

"ரொட்டுமா விமானம் எங்க இருக்கு?"

"பாதிக் கடல்ல. என்னா, தம்பிக்குத் தபாலா? கூடப்பொறந்தவங்க ரெண்டு பேரு, நடுவுல நான் ஒரு இளிச்சவாயன். ஒருநாளாச்சும் நீயே பேசேன். மைக் கடிக்காது."

"சலேன், விளையாடாத. அவன்கிட்ட சொல்லு. பின்னாடியிருந்து யார் கூப்பிட்டாலும், யார் குரலா இருந்தாலும், பதில் சொல்லக் கூடாது. அக்கா சொன்னான்னு சொல்லு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ரொட்டியைக் கீழே வைத்தான்.

"பொத்தான ரொம்ப நேரம் அழுத்தாம பேசச் சொல்லணும்," என்று முனகினான், வழக்கம்போலப் பேச நினைத்து. "உன் தம்பி புடிச்சா விடமாட்டான். அவன் அழுத்திட்டிருக்கிற வரைக்கும் நாம இங்க கத்தினாலும் அவனுக்கு விழாது."

கூப்பிட்டான். இரைச்சல், கடல் கொதிப்பது போல. பிறகு எபேலி.

"சொல்லு சலேன்."

சலேந்திரா சொன்னான்.

"அக்காவா சொன்னா?" எபேலியின் குரல் சன்னமாக இருந்தது. தூங்காதவன் குரல். "எந்த அக்கா?"

"என்னடா கேக்கற? உனக்கு எத்தன அக்கா?"

"இங்க இருக்கிற அக்கா, அங்கதான் யாரோ பொய் சொல்றாங்கன்னு சொல்றா."

சலேந்திரா நிமிர்ந்து பார்த்தான். சுவரில் இருந்த திரையில் விமானத்தின் சின்னப் புள்ளி தன் கோட்டை விட்டு விலகியிருந்தது. மயிரிழையளவு. இந்தத் தடவை அது திரும்ப வரவில்லை.

"எபேலி? தோமாசி? கேக்குதா? பதில் சொல்லுங்க," என்று மைக்கில் கூப்பிட்டான்.

இரைச்சல்.

"பதில் சொல்லுங்க!"

இரைச்சல்.

பாவம், அவளுக்கு வேறு என்ன தோன்றும்? அடுத்தவன் வாயால் சொன்னால் நம்ப மாட்டான், தானே சொன்னால் நம்புவான். அதுதான் தோன்றியது. மைக்கைப் பிடுங்கினாள். இத்தனை வருடம் கட்டிக் காத்ததை ஒதுக்கித் தள்ளினாள். பொத்தானை அழுத்தினாள்.

"எபேலி."

சலேந்திரா தலையைக் குனிந்துகொண்டான், பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்தவன் போல.

"எபேலி, நான் பேசறேன். நான்தான்டா. அக்கா. அது நானில்ல. அதுக்குப் பதில் சொல்லிடாத. கெஞ்சிக் கேக்கறேன்."

பொத்தானை விட்டாள்.

இரைச்சல் அடங்கியது. அவன் அங்கே பொத்தானை அழுத்தியிருந்தான். அவன் மூச்சு கேட்டது. அது விம்மலா சிரிப்பா என்று தெரியவில்லை.

"அக்கா? நெஜமாவே நீயா?"

"ஆமாடா—" என்றாள். அவன் பொத்தானை விடவில்லை. அவள் சொன்னது அந்த அறையோடு நின்றது.

"நீ எங்கிட்டப் பேசவே மாட்டியே. அதனாலதான் இது நீயில்லன்னு நேத்துலேருந்து வாயே தெறக்காம இருந்தேன்." குழந்தைக் குரல். அவள் இடுப்பில் இருந்தபோது இருந்த குரல். "நீ பேசுவியாக்கா? என்னோட பேசுவியா? அப்ப இதுவும் நீதான்."

"இல்ல! எபேலி, இல்ல! கைய எடு! பொத்தானை விடு!"

அவள் மைக்கைக் கசக்கினாள். மேசையில் அடித்தாள். சலேந்திரா வேறு அலைவரிசைக்குத் திருப்பிக் கத்தினான், திரும்ப வந்தான். ஒன்றும் போகவில்லை.

"இவ்வளவு நேரம் உன்னை நிக்க வெச்சிட்டேனே," என்றான் எபேலி. தள்ளி, யாரையோ திரும்பிப் பார்த்துச் சொல்வது போல. "உக்காருக்கா."

டக்.

மடக்கு இருக்கையின் வில். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். எத்தனையோ தடவை அவளே விரித்து மடித்துப் பார்த்திருக்கிறாள். பிறகு வார் இழுபடும் ஓசை. கொக்கி மாட்டும் ஓசை.

"எபேலி," என்றது தோமாசியின் குரல், இன்றைக்கு முதல் தடவையாக. "யாருடா அ—"

அவர் முடிக்கவில்லை.

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. திரையில் புள்ளி ரொட்டுமாவைத் தாண்டியது. விழவில்லை. ஆடவில்லை. ஒரே உயரம், ஒரே வேகம், வடக்கே. அதற்கப்பால் எட்டும் தூரத்தில் தரையில்லை. இருக்கும் எரிபொருளுக்கு இன்னும் கொஞ்ச தூரம் போகலாம். திரும்பி வர முடியாது.

சலேந்திரா ரேடியோவைப் பார்க்கவில்லை. அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். இறுக மூடியிருந்த அவள் வாயை.

ஏனென்றால் ஒலிபெருக்கியில் அவள் குரல் பேசிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், கொஞ்சம் கரகரப்பாக, பெயரின் கடைசி எழுத்தை இழுத்து. அம்மா போன இரவு அவன் தோளைத் தொட நினைத்துத் தொடாமல் போனதை. அவன் முதல்முதலாகத் தனியே விமானம் ஓட்டிய நாளில் வேலிக்குப் பின்னால் நின்று அழுததை. அவன் குரல் உடைந்த நாளிலிருந்து அவள் அவனிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒவ்வொன்றையும், ஒன்றுவிடாமல், அவளைவிட அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

நடுநடுவே எபேலி "ம்" கொட்டினான்.