கடைசிப் பாட்டின் முன்னொலி

டேப் இயந்திரத்தை அதன் மரப்பெட்டியோடு சுமந்துகொண்டு அந்தப் பழைய வீட்டின் படியேறும்போது மதிய மழை பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்த அக்கா பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

“இவ்ளோ பெருசா? உள்ள ஆள் யாராச்சும் இருக்காங்களா, டேப்காரரே?”

“இருந்தா இறங்கி ஒரு கை பிடிச்சிருக்க மாட்டாங்களாக்கா?”

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

விண்வெளிப் பயணத்தை நினைத்துப் பலர் அமைத்த இசையை ஒரே தொகுப்பாக்குவதுதான் என் வேலை. மற்ற பாட்டுகள் தயார். கடைசிப் பாட்டு அக்காவின் தம்பி அமைத்தது. அதைப் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே அவன் இறந்துபோனான்.

கூடத்தின் கோடியில் அவன் கட்டிய அறை இருந்தது. காற்றில்லாத வெளியின் அமைதி வேண்டும் என்று சுவர், கதவு எல்லாவற்றிலும் ரப்பர் வைத்து இறுக்கியிருந்தான். உள்ளே கைப்பிடி கிடையாது. கைப்பிடிக்குத் துளை போட்டால் அதன் வழியே சத்தம் வந்துவிடும் அல்லவா? அதனால் தாழ்ப்பாள் வெளியே மட்டும். உள்ளிருந்து பொத்தானை அழுத்தினால் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். அக்கா வந்து திறப்பார். அதுதான் ஏற்பாடு.

அன்று விளக்கு ஃபியூஸ் போயிருந்தது. அது இருவருக்கும் தெரியாது. உள்ளே காற்று தீர்ந்துபோனது.

“தூங்கற மாதிரி போயிட்டான்னு டாக்டர் சொன்னார்” என்றார் அக்கா. “நிஜமாவா, இல்ல என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போனானா? அது தெரியாம என்னால சோறு முழுங்க முடியல.”

“தம்பி பதிஞ்ச டேப் இனி ஒரு தடவைதான் ஓடும்க்கா. பசை இளகிப்போச்சு. ஓட ஓட மேல்பூச்சு உதிர்ந்துடும்.”

“ஒரு தடவை போதும். போடுங்க.”

மடிக்கணினியில் பதிவை இயக்கிவிட்டு டேப்பை ஓடவிட்டேன். அடி ஆழத்திலிருந்து ஓர் உறுமல் எழுந்தது. அதன் மேல், விண்வெளிக் கவசத்துக்குள்ளிருந்து வருவதுபோல் நீண்ட மூச்சு. உள்ளே இழுத்து, நிறுத்தி, மெல்ல விடும் மூச்சு. துருவின் வாசனை கிளம்பியது.

பிறகு, மிக மெலிதாக:

“அக்கா.”

அவர் என் கையைப் பற்றினார்.

“பொறுங்க, இது நிழல்தான்” என்று கிசுகிசுத்தேன். “சுருள்ல டேப் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டியிருக்கும். பலமான சத்தம் பக்கத்துச் சுற்றுலயும் லேசா பதிஞ்சிடும். ரயில் வர்றதுக்கு முன்னாடி தண்டவாளம் முனகும் பாருங்க, அப்படி. முதல்ல மெலிசா கேக்கும். அடுத்த சுற்றுல அசல் வரும்.”

காத்திருந்தோம். சுருள் ஒரு சுற்று சுற்றியது.

அசல் வரவில்லை.

“அக்கா, கதவைத் திற.” மறுபடி அதே மெல்லிய ஒலி. மறுபடி வெறுமை.

இது நடக்கவே முடியாது. ஆள் இல்லாமல் நிழல் விழாது.

“எங்கடா இருக்க? சத்தமாச் சொல்லுடா!” அக்கா இயந்திரத்தின் மேல் குனிந்து கெஞ்சினார். பழுப்புத் தூள் அவர் கைகளில் உதிர்ந்தது. டேப் முடிந்து, அதன் நுனி படபடவென்று அடித்தது. நிறுத்தினேன்.

கூடம் சிவந்தது.

கதவுக்கு மேல், யாரும் மாற்றாத அந்த ஃபியூஸ் போன விளக்கு எரிந்தது.

“வந்துட்டேன்டா!”

நான் எழுவதற்குள் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்து உள்ளே ஓடிவிட்டார். கதவு தானாக மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழவில்லை, ஆனாலும் முழு பலத்தோடு இழுத்தும் அசையவில்லை. காலைச் சுவரில் உதைத்து இழுத்தேன். கத்தினேன். உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.

விளக்கு அணைந்தது. கதவு லேசாகத் திறந்தது.

அக்கா வெளியே வந்தார். முகம் அமைதியாக இருந்தது. நான் இயந்திரத்தை உள்ளே வைத்து மூடியதும், பெட்டியைத் தூக்க ஒரு கை பிடித்தார். வரும்போது இருந்ததைவிட அது கனத்தது.

“பயப்படாதீங்க, டேப்காரரே. எல்லாம் சரியாயிடுச்சு” என்றவர், நெடுநேரம் காற்றையே காணாதவர்போல் மூச்சை இழுத்து, நிறுத்தி, மெல்ல விட்டார்.

மறுநாள் காலை இயந்திரத்தை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு, காலிப் பெட்டியை மூடி மூலையில் தள்ளினேன். கணினிப் பதிவைக் கேட்டேன். கணினியில் சுருளும் கிடையாது, ஒட்டிய சுற்றுகளும் கிடையாது. அதில் நிழல் பதிய வழியே இல்லை.

பாட்டு முடிந்த இடத்துக்கு அப்பால், மிக மெலிதாக, அக்காவின் குரல்:

“டேப்காரரே, திறங்க.”

நேற்று அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

அவருக்குப் போன் செய்தேன். உடனே எடுத்தார்.

“சொல்லுங்க” என்றது அவர் குரல். பிறகு அந்த மூச்சு.

மூலையில், மூடிய காலிப் பெட்டிக்குள்ளிருந்து, அக்காவின் குரல், இந்த முறை சத்தமாக:

“டேப்காரரே, திறங்க!”