மூத்தவளின் பெயர்

தலையணை நனைந்திருந்தது. கூரை ஒழுகவில்லை, ஜன்னலும் சாத்தியிருந்தது. ஆனாலும் டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து வந்து பார்த்தபோது, முத்துச்செல்வியின் தலையணை நடுவில் ஒரு தலையளவுக்கு ஈரம். மோந்து பார்த்தாள். மழைத்தண்ணீர் இல்லை. விசைப்படகுக் கயிறுகளில் அடிக்கும் வாடை அடித்தது.

அம்மாவிடம் கேட்கலாம். ஆனால் திங்கட்கிழமையிலிருந்து அம்மா சீனித்தாய் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அந்த வீட்டில் அவளுக்கு முன்னால் இன்னொரு முத்துச்செல்வி இருந்தாள். எட்டு வயதில் முயல் தீவுக் கடலில் மூழ்கிப் போனாள். புதைப்பதற்கு முன் அவள் காதுக்குப் பின்னால் அம்மா சட்டிக்கரியால் ஒரு பொட்டு வைத்தாள். போன பிள்ளை அதே வயிற்றுக்குத் திரும்பி வந்தால் அடையாளம் தெரிய வேண்டுமே! மறுவருஷம் பிறந்தவளுக்குக் காதுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பொட்டு. தெருவே திரண்டு வந்து பார்த்தது. பிறகென்ன, அதே பெயர், அதே கவுன்கள். "ஏளா, ஞாபகம் இருக்கா?" என்று பதினேழு வருஷமாக அம்மா எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தாள். இவளும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். மூத்தவளுக்குக் கருவாடு என்றால் உயிர் என்று, குமட்டலை அடக்கிக்கொண்டு கருவாடு தின்றாள்.

மார்ச் மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பத்தியக் கொளுத்தி ஒங் காதுக்குப் பின்னால நாந்தான் சுட்டேன், தாயி. நீ மூணு நாள் பிள்ள. உங்கம்மை சோறு தண்ணி இல்லாம சாகக் கெடந்தா. எனக்கு வேற வழி தெரியல." மறுநாள் போய்ச் சேர்ந்தார்.

எட்டு மாதம் அதை மனசுக்குள் பூட்டி வைத்திருந்தாள். அக்காவை நடுவில் கொண்டுவராமல், ஒரே ஒரு தடவை, அம்மா தன்னைத் தானாகவே கட்டிப்பிடிக்க மாட்டாளா என்ற ஏக்கம்தான் கடைசியில் அவள் வாயைத் திறக்க வைத்தது. கெட்டிக்காரப் பிள்ளைதான். பாசம் என்று வந்துவிட்டால் புத்தி எங்கே வேலை செய்கிறது?

திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நிற்கவில்லை.

"அப்பொ நீ அவ இல்லையா?"

"இல்லம்மா."

"அப்பொ அவ இன்னும் வெளியதான் நிக்காளா?"

அன்று ராத்திரி அம்மா வாசல் கதவைச் சாத்தாமலே படுத்தாள்.

செவ்வாய்க்கிழமை நடையில் மணல் கிடந்தது. புதன்கிழமை சீப்பில் ஈர முடி சுற்றியிருந்தது, அவளுடையதைவிடக் குட்டையாக. அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "ஏ பிள்ள, தள்ளி நில்லு" என்றாள். மகள் இல்லை, யாரோ ஒரு பிள்ளை. அதைக் கேட்டு முத்துச்செல்வி குளியலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இப்போது வியாழக்கிழமை சாயங்காலம், வெளியே மழை கொட்ட, கரண்ட் போய், ஃபிரிட்ஜின் முனகலும் ஓய்ந்துவிட்ட வீட்டில், கருவாடு பொரித்த வாடையோடு அந்தக் கயிற்று வாடையும் கலந்து வர, அடுக்களையில் அம்மா தணிந்த குரலில் யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. இடையிடையே ஒரு சிரிப்பு. சின்னப் பிள்ளையின் சிரிப்பு. தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

போகாதே என்றது மனசு. கால் போனது.

அடுக்களை வாசல். இருட்டில் ஒரு சிம்னி விளக்கு. அம்மாவின் முதுகு. அம்மாவின் மடியில் இரண்டு கால்கள். சின்னக் கால்கள். ஊறி வெளுத்தவை.

"யம்மா."

அம்மா திரும்பினாள். அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை முத்துச்செல்வி பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"யாரு வேணும் ஒனக்கு?"

"நாந்தாம்மா. முத்துச்செல்வி."

"அவ இங்கன இருக்காளே." அம்மா கோபப்படவில்லை. எழுந்து வந்து, தோளில் கை வைத்து, அருமையாக அவளை வாசல்வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். கை அவ்வளவு இதமாக இருந்தது. "நேரமாச்சு, வீட்டுக்குப் போ, தாயி. உங்கம்மை தேடுவால்லா?"

தாழ்ப்பாள் விழுந்தது.

தட்டினாள். கத்தினாள். மழையில் யாருக்குக் கேட்கும்? சுவரைப் பிடித்துக்கொண்டே சுற்றிப்போய் அடுக்களை ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

அம்மா சோற்றை உருட்டி ஊட்டிக்கொண்டிருந்தாள். வாய் திறந்தது. சோறு உள்ளே போகவில்லை. தண்ணீர் வெளியே வந்தது. கலங்கல் தண்ணீர், மணலோடு. அம்மா முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் வந்தது. சிரித்துக்கொண்டே மறுபடியும் துடைத்தாள்.